உற்றவனே ஆசிரியன்: இங்கிலாந்திற் புகுந்த ஒரு புதிய பயிற்சி

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த திருவள்ளுவர் நோயுற்றவனை முதலிலும், நோய் தீர்க்கும் வைத்தியனை இரண்டாவதாகவும், மருந்தை மூன்றாவதாகவும், அருகிருந்து பணிசெய்பவனை நான்காவதாகவும் வைத்தார். வைத்தியக் கல்வியில் வழங்கும் முறை இதற்கு மாறானது. அங்கே வைத்தியர் கற்பிப்பார். வைத்தியராக வரவிருப்போரும் தாதிமாரும் கற்பர். நோயாளன் கட்டிலிற் கிடந்து பாடப்பொருளாவான். அந்நோயாளனே எழுந்து வந்து வகுப்பின் முன் நின்று, வைத்தியரையும் தாதியரையும் நோக்கி, தன்னிடம் எவ்வாறு பேசவேண்டும், தன்னை எவ்வாறு நடத்தவேண்டும் என்று கற்பிக்கும் வழக்கம் இன்று இங்கிலாந்தில் அரசாங்கத்தின் ஆதரவோடு நடைபெற்று வருகின்றது. கற்றற் குறைபாடு உடையோர், ஓட்டிசம் உடையோர் ஆகிய இருசாராரைக் குறித்து வைத்தியத் துறையினர்க்கும் பராமரிப்புத் துறையினர்க்கும் அளிக்கப்படும் பயிற்சியே அது. நம் பழைய மாணவருட் பலர் அந்நாட்டு வைத்தியசாலைகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் பணிபுரிகின்றனர். ஆதலின், அப்பயிற்சி ஏன் எழுந்தது, அதனை முன்நின்று நடத்துவோர் எவ்வாறு நடத்துகின்றனர் என்பவற்றை ஈண்டு விளக்குதல் பொருந்தும்.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். கற்றற் குறைபாடு என்று பிரித்தானியர் கூறுவது, எழுத்துக்கூட்டி வாசித்தலில் மட்டும் இடர்ப்படும் மாணவரின் நிலையன்று. அதற்கு அவர்கள் வேறு பெயர் வைத்துள்ளனர். புதியவற்றை விளங்கிக்கொள்ளும் ஆற்றலும், பிறர் துணையின்றி அன்றாட வாழ்வை நடத்தும் ஆற்றலும் சிறுவயது முதலே குறைந்திருத்தலையே இச்சொல் குறிக்கும். நம்மவர் முன்னாளில் மந்தபுத்தி என்று இரக்கமின்றி வழங்கிய சொல்லின் இடத்தில் இது வந்துள்ளது. ஐக்கிய இராச்சியத்தில் ஏறத்தாழ 15 இலட்சம் மக்கள் இத்தகையோர். ஓட்டிசம் வேறு. 1943-ம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கனர் என்னும் வைத்தியர் 11 பிள்ளைகளின் நிலையை விவரித்து எழுதியதிலிருந்து அப்பெயர் பரவலாயிற்று. பின்னர்ச் சிலகாலம் தாயின் அன்பின்மையே அதற்குக் காரணமென்று கூறி எத்தனையோ தாய்மாரை அழவைத்தனர். அக்கொள்கை பொய்யென்று கைவிடப்பட்டது. பிறரோடு பேசிப் பழகும் முறையிலும், ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றை உணரும் முறையிலும் ஓட்டிசம் உடையோர் ஏனையோரினின்றும் வேறுபடுவர். அவருட் பலர் கூரிய அறிவினர்; சிலர்க்குக் கற்றற் குறைபாடும் உடனிருக்கும். இரண்டும் நோயல்ல, மருந்து கொடுத்து நீக்கத்தக்கனவும் அல்ல. எனினும் அவற்றை உடையோர்க்கும் எல்லாரையும் போலக் காய்ச்சல் வரும், பல்வலி வரும், நெஞ்சுநோய் வரும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் கற்றற் குறைபாடு உடைய 247 பேரின் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த ஒரு குழுவினர் 2013-ல் தம் அறிக்கையை வெளியிட்டனர். பொதுமக்களோடு ஒப்பிடுமிடத்து, இக்குறைபாடு உடைய ஆண்கள் 13 ஆண்டுகள் முன்னதாகவும், பெண்கள் 20 ஆண்டுகள் முன்னதாகவும் இறந்தனர் என்பது அவர்கள் கண்ட முடிபு. நல்ல வைத்தியம் கிடைத்திருப்பின் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் நூற்றுக்கு 37. இம்மரணங்களுக்குக் காரணமாயிருந்தவை அரிய நோய்களல்ல. நியுமோனியா, வலிப்பு, உணவு மூச்சுக்குழலிற் சென்று அடைத்தல் முதலியன இத்தகையோரின் உயிரைக் கவர்வனவற்றுள் முதன்மையானவை. மலச்சிக்கல் என்னும் எளிய உபாதையுங்கூட, கவனிப்பாரின்றி முற்றி, 33 வயதினர் ஒருவரின் உயிரை 2012-ல் இப்சுவிச் நகரிற் கொண்டுபோயிற்று. இலவச வைத்தியமும் தேர்ந்த வைத்தியரும் சிறந்த கருவிகளும் நிறைந்த நாடு அது என்பதை நினைவிற்கொண்டே இவ்வெண்களை வாசித்தல் வேண்டும்.

இவ்வாறு நிகழ்வதேன்? காரணங்கள் பலவாயினும் தலையாயது ஒன்று. பேச்சு வாராத ஓர் இளைஞன் தன் தலையைச் சுவரில் மோதுகின்றான் எனக் கொள்வோம். பராமரிப்போர் அவனை வைத்தியசாலைக்குக் கொணர்கின்றனர். அவனுடைய கோவையிற் கற்றற் குறைபாடு என எழுதியிருப்பதைப் பார்த்த வைத்தியர், “இத்தகையோர் இவ்வாறுதான் செய்வர்” என்று எண்ணி, அடங்கியிருக்க மருந்தெழுதி அனுப்பிவிடுகின்றார். அவனுக்கு இருந்ததோ காதிற் சீழ். அல்லது கடைவாய்ப் பல்லிற் புண். வேறொரு மனிதன் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து அமர்ந்திருப்பின் அதே வைத்தியர் காதையும் பல்லையும் கட்டாயம் பார்த்திருப்பார். குறைபாட்டின் நிழல் விழுந்து நோய் மறைந்துபோதல் என இதனை ஆங்கில வைத்தியர் வருணிப்பர். அந்நிழலில் மறைவது நோய் மட்டுமன்று. உயிர் பிரியுந் தறுவாயில் மீட்பு முயற்சி செய்யவேண்டாம் என்று வைத்தியர் இடும் குறிப்புக்குக் காரணமாகச் சில கோவைகளிற் கற்றற் குறைபாடு என்பதே எழுதப்பட்டிருந்தமையை 2019-ல் வெளிவந்த அரசாங்க ஆய்வறிக்கை ஒன்று வெளிப்படுத்திற்று. மனிதனின் இயல்பை அவன் சாதற்குரிய காரணமாக எழுதிய கை, தீய மனத்தினர் ஒருவரின் கையாக இருந்திராது. எழுதியவர் அதனை இயல்பானதென்றே கருதியிருப்பார். அதனாலேயே அது கொடியது.

இப்பயிற்சிக்குப் பெயரளித்தவர் ஒலிவர் மக்கோவன் என்னும் இளைஞர். குழந்தைப் பருவத்தில் மூளைக்காய்ச்சலுற்றுப் பிழைத்தவர். அதன் பயனாக இலேசான மூளைவாதமும், வலிப்பும், இலேசான கற்றற் குறைபாடும் அவருக்கிருந்தன, ஓட்டிசமும் உண்டு. அவற்றோடும் அவர் உதைபந்தாட்டத்திலும் ஓட்டத்திலும் வல்லவராய், நண்பர் பலரை உடையவராய் வளர்ந்தார். 2016-ம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வலிப்பு மிகுந்து, பிரிஸ்ரல் நகர வைத்தியசாலை ஒன்றிற் சேர்க்கப்பட்டார். மனநோயாளருக்குக் கொடுக்கப்படும் மருந்து வகைகள் தமக்கு ஒவ்வா என்பதை முந்திய அனுபவத்தால் அறிந்திருந்த அவர், அவற்றைத் தமக்குத் தரவேண்டாமெனக் கூறியிருந்தார். பெற்றோரும் அவ்வாறே மன்றாடினர். எனினும் ஒலன்சபின் என்னும் அவ்வகை மருந்து அவருக்குக் கொடுக்கப்பட்டது. அவருக்கு மனநோய் இருந்ததில்லை. சிலரிடத்து அத்தகைய மருந்துகள் கடுங்காய்ச்சலையும் தசை இறுக்கத்தையும் உண்டாக்கி உயிரையே வாங்குதல் உண்டு. ஒலிவருக்கு மூளை வீங்கிற்று. நவம்பர் 11-ம் திகதி, 18 வயதில், அவர் இறந்தார். 2018-ல் நடந்த மரண விசாரணை அம்மருந்து முறைப்படியே கொடுக்கப்பட்டதென்றது. 2020-ல் வெளியான சுயாதீன மீளாய்வோ அம்மரணம் தவிர்த்திருக்கக்கூடியதென்று கண்டது.

ஒலிவரின் தாயார் போலா மக்கோவன் தம் துயரத்தை ஒரு கோரிக்கையாக மாற்றினார். வைத்தியரும் தாதிமாரும் இத்தகைய நோயாளரைப் பற்றிக் கட்டாயமாகப் பயிலவேண்டும் என்பதே அக்கோரிக்கை. மக்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் 2018-ம் ஆண்டு ஒக்டோபர் 22-ம் திகதி பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. மறு ஆண்டு நவம்பரில் அரசாங்கம் கொள்கையளவில் இணங்கிற்று. 8,300-க்கும் மேற்பட்டோர் பங்குபற்றிய வெள்ளோட்டத்தின் பின், 2022-ம் ஆண்டின் சுகாதார பராமரிப்புச் சட்டத்தின் 181-ம் பிரிவாக அது உருப்பெற்றது. அவ்வாண்டு யூலை 1-ம் திகதி முதல், கண்காணிப்பு ஆணைக்குழுவிற் பதிவுபெற்ற எந்த வைத்தியசாலையும், பராமரிப்பு இல்லமும், பல்வைத்திய நிலையமும் தன் ஊழியர்க்கு அவரவர் பணிக்கேற்ற பயிற்சியை அளித்தே ஆகவேண்டும். இது இங்கிலாந்துக்கே உரிய சட்டம். ஒலிவரின் பெயரால் அமைந்த பாடத்திட்டத்தையே பின்பற்றவேண்டுமெனச் சட்டம் வற்புறுத்தவில்லை என்பதும் அறியத்தக்கது. அரசாங்கம் அதனையே பெரிதும் விரும்பி விதந்துரைக்கின்றது. வேறொன்றைக் கைக்கொள்வோர், அதுவும் உரிய தரத்ததென்று காட்டுதல் வேண்டும். அத்தரம் யாது என்பதை வரையறுக்கும் நடைமுறைக் கோவை 2025-ம் ஆண்டு செப்டெம்பர் 6-ம் திகதி நடைமுறைக்கு வந்தது.

பயிற்சி இரு படிகளை உடையது. இலிகிதர் முதல் மருந்துக்கடை ஊழியர் வரை, இத்தகையோரை எப்போதாவது சந்திப்போர்க்கு முதற்படி. அவர்களுக்கு வைத்தியமோ பராமரிப்போ செய்வோர்க்கும், அவர்களைப் பற்றித் தீர்மானம் எடுப்போர்க்கும் இரண்டாம் படி. இருசாராரும் முதலில் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரப் பாடமொன்றைக் கணினிவழிப் பயில்வர். அதன்பின் முதற்படியினர் ஒரு மணிநேரம் இணையவழி கூடிக் கலந்துரையாடுவர். இரண்டாம் படியினரோ ஒரு நாள் முழுவதும் ஒரே மண்டபத்தில் நேரிற் கூடவேண்டும். அந்நாளை நடத்துவோர் மூவர். ஒருவர் பயிற்சி நடத்துதலிற் பழகியவர். மற்றொருவர் கற்றற் குறைபாடு உடையவர். மூன்றாமவர் ஓட்டிசம் உடையவர். பின்னிருவரும் அனுபவத்தால் வல்லுநர் என்று அழைக்கப்படுகின்றனர். இம்மூவரும் தாமே முன்னர் ஒருங்கே பயிற்றப்பட்ட பின்னரே பிறரைப் பயிற்றத் தகுதி பெறுவர்.

கற்பிக்கப்படுவனவற்றுட் பெரும்பாலானவை கேட்டவுடன் எளியனவாகத் தோன்றும். ஒருமுறை ஒரு வினாவை மட்டுமே கேட்கவேண்டும். கேட்டபின் காத்திருக்கவேண்டும். பதில் வரத் தாமதித்தால் உடனே அதே வினாவை வேறு சொற்களிற் கேட்டல் தவறு. முதல் வினாவை எண்ணிக்கொண்டிருந்தவர், இப்போது இரண்டாவதை முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார். சொற்களை நேர்ப்பொருளிற் கொள்வோரிடம் உருவகங்களைத் தவிர்க்கவேண்டும். “உங்கள் இரத்தத்தை எடுக்கப்போகிறேன்” என்று ஒரு தாதி சொன்னால், எல்லா இரத்தத்தையும் எடுத்துவிடுவர் என்று அஞ்சுவோர் உளர். “வைத்தியர் ஒரு நிமிடத்தில் வருவார்” என்பதைக் கேட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டாம் நிமிடத்தில் கலங்கத் தொடங்குவர். எல்லாவற்றினும் முதன்மையானது, “விளங்கிற்றா?” என்னும் வினாவை நம்பாதிருத்தல். இதனை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆசிரியர் “விளங்கிற்றா?” என்று கேட்க, வகுப்பு முழுவதும் “விளங்கிற்று, சேர்” என்று ஒரே குரலில் விடையிறுத்ததையும், மறுநாட் பரீட்சையில் விளங்கியது எவ்வளவு என்று வெளிப்பட்டதையும், இக்கல்லூரியிற் படித்தவரும் படிப்பித்தவரும் அறிவர். மற்றவரை மகிழ்விக்க ஆம் என்று சொல்லிப் பழகியவரிடம், “நான் சொன்னதை உங்கள் சொல்லில் ஒருமுறை சொல்லுங்கள்” என்று கேட்பதே வழி.

சட்டமும் கற்பிக்கப்படும். 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, குறைபாடு உடையோர்க்கேற்ப நியாயமான மாற்றங்களைச் செய்தல் வைத்தியசாலையின் கடமை, அது சலுகையன்று. காத்திருப்போர் கூட்டம் சேருமுன் அன்றைய முதல் நோயாளராக அழைத்தல், நேரத்தை இருமடங்காக ஒதுக்கல், கண்கூசும் விளக்கை அணைத்தல், ஓசையற்ற அறையில் இருத்துதல் முதலியன அம்மாற்றங்கள். செலவு சிறிது, சிலவற்றுக்குச் செலவே இல்லை. நோயாளரின் விருப்பு வெறுப்பு, ஒவ்வா மருந்துகள், வலி வந்தால் அவர் அதனைக் காட்டும் விதம் முதலியவற்றை எழுதிய சிறு ஏடு ஒன்றை அங்கே வைத்தியசாலைக் கடவுச்சீட்டு என்பர். அதனைக் கையில் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, வாசியாமலே வைத்தியஞ் செய்தல் வழக்கமாதலின், அதனை வாசிக்கப் பழக்குதலும் பயிற்சியின் பகுதியாயிற்று.

இனி, இவற்றை ஒரு நூலில் எழுதிக் கொடுத்தாற் போதாதோ, குறைபாடு உடையவரே வந்து நிற்கவேண்டுமோ என்று கேட்கலாம். நூல்கள் முன்னரும் இருந்தன. 2007 முதல் அறிக்கைமேல் அறிக்கையாக வந்தது. வைத்தியர் அவற்றை வாசித்துமிருப்பர். ஒலிவர் விடயத்திற் குறைவாயிருந்தது மருந்தைப் பற்றிய அறிவன்று. கட்டிலிற் கிடந்தவர் தம் உடலைப் பற்றிச் சொன்ன சொல்லுக்கு அறிவுடையார் சொல்லுக்குரிய மதிப்பு கிடைக்கவில்லை. அம்மதிப்பை நூல் கொடுக்காது. ஒரு நாள் முழுவதும் கற்றற் குறைபாடு உடையவர் ஒருவரின் மாணவராய் இருந்து, அவர் கேட்ட வினாவுக்கு விடை தெரியாது விழித்து, அவரால் திருத்தப்பட்ட தாதி ஒருவர், மறுநாள் விடுதியில் அத்தகைய நோயாளரைக் காணும்போது வேறு கண்ணாற் காண்பார். இதுவே இம்முறையை வகுத்தோரின் எண்ணம். அது சரியென்றே எமக்குத் தோன்றுகின்றது.

ஆயினும் மூவர் முன்நின்றால் மூவரும் நடத்துகின்றனர் என்று கொள்ளுதல் கூடாது. பழகிய பயிற்றுநர் நாள் முழுவதும் தாமே பேசிவிட்டு, இடையில் ஐந்து நிமிடம் மற்றவரை அழைத்து, “உமது கதையைச் சொல்லும்” என்று சொல்லவைத்து, கைதட்டி அமர்த்திவிடுதல் மிக எளிது. அவ்வாறு செய்தால் வல்லுநர் என்னும் பெயர் ஏட்டளவில் நிற்கும். வந்தோர் இரக்கத்தை மட்டும் கற்றுச் செல்வர். பயிற்சியை நடத்துதலின் கடினம் இங்கேதான் உள்ளது. பழகிய பயிற்றுநர் கற்கவேண்டிய முதற்பாடம் வாய்மூடி இருத்தல். உடன் நடத்துபவர் சொல்லத் தொடங்கி, சொல் வராது நின்றால், மண்டபத்தில் எல்லாரும் தம் காலணியைப் பார்ப்பர். அப்போது பயிற்றுநரின் நாவில் அச்சொல் தயாராக இருக்கும். அதனை எடுத்துக் கொடாது பத்து விநாடி பொறுத்திருத்தல் அவருக்கு எளிதன்று. ஆனால் அந்தப் பத்து விநாடி மௌனம், காத்திருத்தலைப் பற்றிய ஒரு மணிநேர விரிவுரையிலும் நன்கு கற்பிக்கும். காத்திருந்தபின் சொல் வருவதை எல்லாரும் நேரிற் காண்பர்.

வினா நேரத்தில் மற்றொரு சோதனை உண்டு. குறைபாடு உடையவரைப் பற்றிய வினாவை அவரிடம் கேளாது, அருகில் நிற்பவரிடம் கேட்டல் மக்களின் பழக்கம். “இவர் சீனி போட்டுக் குடிப்பாரா?” என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தையே தலைப்பாகக் கொண்டு பி.பி.சி. வானொலி 1977 முதல் 1998 வரை ஒரு நிகழ்ச்சியை ஒலிபரப்பிற்று. இப்பழக்கத்தை இடித்துரைப்பதே அத்தலைப்பின் நோக்கம். பயிற்சி வகுப்பிலும், “இவரால் தனியே பேருந்திற் செல்ல இயலுமா?” என்று பயிற்றுநரை நோக்கி ஒருவர் கேட்பார். தேர்ந்த பயிற்றுநர் விடை கூறமாட்டார். வினாவுக்குரியவரைத் திரும்பிப் பார்ப்பார். கேட்டவர் முகம் சிவக்கும். அச்சிவப்பும் பாடத்தின் ஒரு பகுதியே. அதற்காக அவரை நாணச்செய்து தண்டித்தல் ஆகாது.

உடன் நடத்துவோரின் நலத்தைப் பேணுதலும் முன்நிற்பவரின் பொறுப்பு. தாம் வைத்தியசாலையிற் பட்ட துன்பத்தை வாரந்தோறும் புதியவர் முன் எடுத்துக் கூறுதல், ஆறிவரும் புண்ணை மீண்டும் கீறுதல் போலாகும். எதைச் சொல்வது, எதைச் சொல்லாது விடுவது என்பதை அவரே தீர்மானித்தல் வேண்டும். இடையில் நிறுத்த விரும்பினாற் காட்டுதற்கு ஒரு சாடை முன்னரே பேசி வைக்கப்படல் வேண்டும். ஒளியும் இரைச்சலும் குறைந்த அறையொன்று பக்கத்திலே இருத்தல் வேண்டும். பயிற்சியளிக்கும் மண்டபமே ஓட்டிசம் உடையவர் நிற்கமுடியாத இடமாயிருப்பின், அன்றைய பாடத்தை யார் நம்புவர்?

குறைகூறுவோரும் உளர். ஆட்பற்றாக்குறையால் இளைத்த விடுதிகளிலிருந்து ஒரு நாள் முழுவதும் தாதிமாரை விடுவித்தல் எளிதன்று என்பர், அது மெய். கணினிப் பாடத்தை முடித்தோர் தொகை இலட்சக்கணக்கில் விரைந்து பெருக, நேரிற் கூடும் நாளை முடித்தோர் தொகை பின்தங்கியே வருகின்றது. கணினிப் பாடத்தோடு நிறுத்திக்கொண்டு கடமை முடிந்ததென்று கணக்கெழுதும் நிறுவனம், இப்பயிற்சியின் உமியை வைத்துக்கொண்டு அரிசியை வீசுகின்றது என்றே கூறவேண்டும். மற்றொரு குறையும் நியாயமானது. ஒரு நாட் பயிற்சி, நோயாளருக்கு நேரம் ஒதுக்கமுடியாத வைத்தியருக்கு நேரத்தைப் படைத்துக் கொடாது. பயிற்சியால் மரணங்கள் குறைந்தனவா என்பதைக் காட்டச் சில ஆண்டுகள் செல்லும்.

இவையிருக்க, இப்பயிற்சியினால் விளைந்த வேறொரு பயனைப் பலர் எடுத்துப் பேசுவதில்லை. இங்கிலாந்தில் உள்ளூராட்சி மன்றங்களின் உதவி பெறும், கற்றற் குறைபாடு உடைய, வேலைசெய்யும் வயதினருட் சம்பளத்துக்கு வேலை பார்ப்போர் நூற்றுக்கு 5 பேரளவினரே. பயிற்சியை உடன் நடத்துவோர்க்கு உரிய ஊதியம் கொடுத்தல் இத்திட்டத்தின் விதி. நன்றி கூறி ஒரு பூங்கொத்தைக் கையிற் கொடுத்து அனுப்புதல் போதாது. அரசாங்க உதவிப்பணம் பெறுவோர் ஓரளவுக்கு மேல் உழைத்தால் அவ்வுதவி குறைக்கப்படுமாதலின், எத்தனை நாள் வேலை கொடுக்கலாம் என்று கணக்குப் பார்த்தலும், போக்குவரத்துச் செலவையும் துணைக்கு வருபவரின் கூலியையும் சேர்த்து மதிப்பிடுதலும் பயிற்சி நடத்தும் நிறுவனத்தின் வேலை. தொந்தரவான வேலைதான். ஆயினும் அக்கணக்கு முடிந்தபின், சிலர் தம் வாழ்வின் முதற் சம்பளத்தை வைத்தியருக்குப் பாடஞ் சொல்லிப் பெறுகின்றனர்.